இரண்டாம் யன்னல்

நகுலேஸ்வரி இழுத்தெடுத்த துண்டில் நாற்பத்தேழு என்று இருந்தது. சுவரில் சிவப்பு எழுத்தில் நாற்பத்தொன்று எரிந்துகொண்டிருந்தது, இடையில் ஐந்து பேர், அதிகம் போனால் இருபது நிமிசம், இந்த மண்டபத்தில் பத்தொன்பது வருசம் நிலம் துடைத்தவளுக்கு இருபது நிமிசம் என்ன பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு சுவரோரமாய் இருந்த நீள வாங்கில் போய் இருந்தாள். ரயில் ரிக்கற் விற்கும் யன்னல்கள் மூன்று. முதலாவது மூடிக்கிடந்தது. மூன்றாவதில் திருமதி ஹூபர், இங்கே பொறுப்பாக இருக்கிற வெள்ளைக்காரி, கண்ணாடியை மூக்கின் நுனியில் வைத்துக்கொண்டு யாரோ ஒரு பெடியனுக்கு வரைபடம் காட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் மயூரதி. நகுலேஸ்வரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமலே எல்லாம் தெரிந்தது: கழுத்தில் நீலச் சால்வை, கொண்டை, காதில் சின்னத் தோடு, அந்தத் தோடு நகுலேஸ்வரி வாங்கிக்கொடுத்தது, தம்பி கேதீஸின் கலியாணத்துக்கு. தம்பி மனைவி. ஊரிலிருந்து வந்து ஒன்பது வருசம் ஆகவில்லை, அதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எத்தனை அழுக்குப் படியும், மூக்குப் பட்ட இடம், பிள்ளைகள் நக்கிய இடம், கோபத்தில் அடித்துப் பேசினவனின் உள்ளங்கை, எல்லாம் நகுலேஸ்வரிக்குத்தான் தெரியும். மூன்றாம் யன்னல் கிடைக்கவேணும், என்று அவள் நினைத்தாள், கடவுளே, மூன்றாம் யன்னல். ஏனென்றால் கைப்பையில் தெரிந்த கிழவர் சபாபதி மாஸ்ரரின் ரிக்கற் இருந்தது, அதில் திகதி பிழையாக இருந்தது, அதை அடித்துக்கொடுத்தவள் மயூரதி. ஹூபரிடம் அதை நீட்டினால் அது முறைப்பாடு. மயூரதியிடம் நீட்டினால் அது குடும்ப விசயம், ஐயோ மச்சாள் மாறி அடிச்சிட்டன் என்று சிரித்து மாற்றிக்கொடுத்துவிடுவாள், ஒரு குஞ்சுக்கும் தெரியவராது. நாற்பத்திரண்டு. நாய் கொண்டுவந்த மனிசி எழும்பி மயூரதியிடம் போனாள்.

குளிருக்குச் சூடேற்றும் ரேடியேற்றர் முதுகுக்குப் பின்னால் சுடச்சுட இருந்தது. மேலே மரக்கூரை, நூற்றைம்பது வருசக் கூரையாம், ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு மரப்பூ, மொத்தம் தொண்ணூற்றாறு பூ. ஏணி வைத்து அவற்றின் தூசு தட்டியவளுக்குத் தெரியாதா. இந்த மண்டபத்துக்கு வந்த முதல் மாசம் அண்ணாந்து பார்த்து நல்லூர்க் கோயில் மண்டபம் மாதிரி இருக்கெண்டு புருசன் தவராசாவிடம் சொன்னாள், அந்த மனிசன் அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தார். அவர் அப்படித்தான். அந்தக் காலத்தில் இப்போது ஹூபர் இருக்கிற இடத்தில் அம்ரைன் என்றொரு கிழவர் இருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க மர அடுக்கு, அடுக்கின் ஒவ்வொரு பொந்திலும் கட்டி மட்டையில் அச்சடித்த ரிக்கற்றுகள், ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பொந்து. ஆள் ஊரைச் சொன்னதும் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டி எடுப்பார், இரும்பு மெசினுக்குள் ஒரு குத்து, டக், திகதி விழுந்துவிடும். பின்னேரங்களில் அந்த அடுக்கைத் துடைக்கும்போது நகுலேஸ்வரியும் ஊர்களைப் படித்தாள். டொச், இங்கத்தை ஜெர்மன் மொழி, அவளுக்கு வந்தது வகுப்பிலே இல்லை, அந்தப் பொந்துகளிலே. ஒருநாள் அம்ரைன் சும்மா விளையாட்டுக்கு, லுகானோ, என்றார். அவள் திரும்பாமல் கையை நீட்டி எடுத்துக்கொடுத்தாள். அவர் இன்னொன்று சொன்னார். எடுத்தாள். பதினொரு ஊர், ஒன்றும் பிழைக்கவில்லை. அடுத்த கிழமை ஒரு விண்ணப்பப் போம் கொண்டுவந்து கொடுத்தார், ஆள் எடுக்கிறார்கள், எழுதிப் போடு, நான் சொல்கிறேன் என்றார். எழுதினாள். பேர், பிறந்த திகதி, ஏன் இந்த வேலையை விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு மூன்று வரி. அந்த மூன்று வரியை எழுத மூன்று நாள். தவராசாவுக்குச் சோறு போட்டுக்கொண்டு சொன்னாள். மனிசன் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோனபடி கேட்டார்: “பிள்ளையளை ஆர் பாக்கிறது?” அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை. ஆனால் கேட்டாரே. கேட்டார்தானே. அதுக்குப் பிறகு எந்தக் கொண்டாட்டத்திலே எவள் கேட்டாலும் நகுலேஸ்வரி சொன்னது ஒன்றே ஒன்று: நான் எப்பவோ ஸ்டேசன்லை ரிக்கற் குடுக்கிற வேலைக்குப் போயிருப்பன், இவர் விடேல்லை. தவராசாவுக்கு முன்னால் வைத்தே சொல்வாள். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை, கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். போமை மேசை லாச்சிக்குள் வைத்தது எந்த நாள்? சோறு போட்டது திங்கள். லாச்சிக்குள் வைத்தது வெள்ளி. வெள்ளிக்கிழமை வேறை கதை. அந்த வெள்ளிக்கிழமைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாற்பத்துமூன்று.

நாய்க்கார மனிசி இன்னும் போகவில்லை. மயூரதி கண்ணாடிக்குள்ளிருந்து எட்டி நாயைப் பார்த்து ஏதோ சொல்ல, மனிசி விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன சொல்லியிருப்பாள்? இவளுக்கு டொச்சிலே பகிடி விட எப்போது வந்தது? டொச்சிலே சொல்லுக்கு முன்னால் வருகிற டேர், டீ, டாஸ் மூன்றும் தெரியாமல் எங்கள் வீட்டுக் குசினி மேசையிலே இருந்து கண்ணீர் விட்டவள். மேசைக்கு எது, கதவுக்கு எது, கரண்டி ஏன் ஆண், முள்ளுக்கரண்டி ஏன் பெண் என்று கேட்டு அழுதவள். “மச்சாள், எனக்கு இது ஏலாது, நான் துப்பரவு வேலைக்கே வாறன்” என்று சொன்னவள். நான்தான் விடவில்லை, நான்தான், என்று நகுலேஸ்வரி வாங்கின் விளிம்பைப் பிடித்தாள். கண்ணாடியைக் கையிலே கொடுத்து, விசில் அடிக்கிற மாதிரி வாயை வைச்சுக்கொண்டு ‘ஈ’ சொல்லு, அதுதான் மேலே இரண்டு புள்ளி வைச்ச அந்த டொச் எழுத்து எண்டு காட்டிக்கொடுத்தது நான். அவளுக்குச் சோதனை எண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சது நான், பல்லு முளைக்கிற பிள்ளை, தோளெல்லாம் வீணி. அவள் வேலைக்கு எழுதிப் போட்டதை மட்டும் சொல்லவில்லை. கிடைத்த பிறகுதான் சொன்னாள். நீலச் சால்வையோடு படம் எடுத்துச் சொந்தக்காரர் குழுவிலே கேதீஸ்தான் போட்டான். கனடாவிலிருந்து, லண்டனிலிருந்து, ஊரிலிருந்து, பூக்களும் கைதட்டலும் வந்து நிறைந்தன. நகுலேஸ்வரியும் ஒரு பெருவிரலை அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு படத்தை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்த்தாள், முகத்தை இல்லை, யன்னல் கண்ணாடியை. இடப்பக்க மூலையில் துடைத்த கோடு தெரிந்தது. ஒழுங்காய்த் துடைக்கவில்லை, இப்போது வருகிறவர்களுக்குத் துணியைப் பிழியவே தெரியாது. அந்தக் கோட்டைக் கண்டதிலே என்ன ஒரு சந்தோசம். பிறகு சொந்தக்காரப் புஷ்பக்கா தன் பேத்தி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டிலே நகுலேஸ்வரியை யாரோ ஒருத்திக்கு அறிமுகம் செய்துவைத்தாள்: “இவ ஆர் தெரியுமே, ஸ்டேசன்லை வேலை செய்யிற மயூரதியின்ரை மச்சாள்.” ஸ்டேசனில் வேலை செய்கிற. பத்தொன்பது வருசம் நான் அங்கே என்ன செய்தேன், கிளித்தட்டு விளையாட்டிலே ஆள் மறித்தேனா?

நாற்பத்துநாலு மூன்றாவதில் விழுந்தது, நாற்பத்தைந்துக்கு உரியவர்கள் ஒரு கிழட்டுத் தம்பதி, ஆளுக்கொரு கைத்தடி, இரண்டாவதுக்குப் போனார்கள், கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போகிற கதை, அது இலேசில் முடியாது. நகுலேஸ்வரி மனதுக்குள் கணக்குப் போட்டாள், நாற்பத்தாறு மூன்றாவதுக்குப் போய்க் கெதியாய் முடிந்தால் தனக்கும் மூன்றாவதுதான். பையைத் திறந்து ரிக்கற்றைத் தொட்டுப் பார்த்தாள். இப்போதெல்லாம் மட்டை இல்லை, நீட்டுக் கடதாசி. பரிஸ், மாசம் சரி, வண்டி சரி, திகதி இருபத்தொன்று. மாஸ்ரரின் பேத்திக்கு அங்கே கலியாணம் பதினாலாம் திகதி பின்னேரம். கிழவர் நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். “பிள்ளை, நான் கலியாணத்துக்குப் போறதோ, கலியாணம் முடிஞ்ச பிறகு பாத்திரம் கழுவப் போறதோ?” அவருக்குச் சிரிப்பு, நகுலேஸ்வரிக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழும்பி உட்கார்ந்தது. “ஆர் மாஸ்ரர் அடிச்சுத் தந்தது?” என்று தெரிந்துகொண்டே கேட்டாள். “எங்கடை பிள்ளைதான், தமிழிலையே கதைச்சன், சந்தோசத்திலை கனக்கக் கதைச்சிட்டன்.” “என்ன திகதி சொன்னனீங்கள்?” “அடுத்த சனி எண்டு சொன்னன்.” அடுத்த சனி. மாஸ்ரருக்கு வருகிற சனியும் அடுத்த சனி, அதற்கு அடுத்த சனியும் அடுத்த சனி, சென்ற வருசம் அவர் வீட்டுத் திவசத்துக்கு அப்படிச் சொல்லித்தான் அரைவாசிப் பேர் ஒரு கிழமை பிந்திப் போனார்கள். அந்த நினைப்பை நகுலேஸ்வரி நேற்றே ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டிருந்தாள், இப்போது அது திரும்பவும் தலையை நீட்டியது, திரும்பவும் தள்ளினாள். கேட்டு எழுதவேண்டியது யார்? கதிரையில் இருக்கிறவள். போன கிழமை கேதீஸ் தொலைபேசியில் சொன்னான், “இன்னும் பதினொரு நாள்தான் அக்கா, மூண்டு மாசம் வேலையிலை வைச்சுப் பாக்கிற காலம் முடிஞ்சா வேலை நிரந்தரம். அதுக்குள்ளை ஒரு பிழையும் வராமல் இருக்கவேணும். பாவம், நித்திரையிலும் ரயில் நேரம் சொல்லுறா.” அந்தப் ‘பாவம்’ தான் தாங்கமுடியாமல் இருந்தது. தவராசா ஒருநாளாவது ஆரிடமாவது என் மனிசி பாவம் என்று சொல்லியிருப்பாரா? வேலை போனால் மயூரதி வருவாள், குசினி மேசையிலேயே வந்து இருப்பாள், அழுவாள். நகுலேஸ்வரி தேத்தண்ணி வைத்துக் கொடுப்பாள். “விடு பிள்ளை, அந்தக் கதிரை எங்களுக்குச் சரிவராது, வெள்ளைக்காரர் எங்களை அதிலை இருக்க விடாங்கள்” என்று முதுகைத் தடவிக்கொடுப்பாள். தடவிக்கொடுக்கும்போது மனசு எவ்வளவு இளகும் என்று இப்போதே தெரிந்தது, கண்கூடக் கலங்கியது, அவள்மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. சீ. என்ன மனுசி நான். இன்னும் நடக்காத ஒன்றுக்கு ஆறுதல் சொல்லிப் பழகுகிறேன்.

கிழட்டுத் தம்பதிக்கு மயூரதி ஏதோ எழுதிக் காட்டினாள். அவளுடைய கைகள் மட்டும் தெரிந்தன, அவசரமில்லாத கைகள். கிழவர் கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டார், அவள் முதலில் சொன்ன அதே குரலில் திரும்பச் சொன்னாள். பிறகு திரையைப் பார்த்து, இல்லை, மன்னிக்கவேணும், நான் சொன்ன வண்டி ஞாயிறு ஓடாது, என்று திருத்தினாள். கிழவர் பரவாயில்லை என்றார். எவ்வளவு சாதாரணமாய்ச் சொன்னாள், பிழையாய்ச் சொன்னேன் என்று, வாசலிலே செருப்பைக் கழற்றி வைக்கிற மாதிரி. ரேடியேற்றர் முதுகில் எரிய, நகுலேஸ்வரிக்கு உள்ளே குளிர். அந்த வெள்ளிக்கிழமையும் இப்படித்தான், மார்கழி, கால் விறைக்கிற குளிர். அம்ரைன் ஒரு நிமிசம் என்று சொல்லிவிட்டுப் பின்னால் போயிருந்தார், அவள் கண்ணாடிக்கு உள்பக்கம் அடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருவன் ஓடிவந்து யன்னலில் தட்டினான். கறுத்தக் கோட்டு, மூச்சு வாங்கியது. சூரிச் வண்டி எந்த மேடை? அவளுக்குத் தெரியும். ஒவ்வொருநாளும் காதிலே விழுகிற அறிவிப்பு. மூன்று என்றாள். கையிலே துணியோடு, நிமிர்ந்து நின்று, டொச்சிலே, மூன்றாம் மேடை, ஐயா. அந்த ஒரு நொடி அவள் அந்தக் கதிரைக்குரியவள். அவன் ஓடினான். அன்றைக்கு வண்டியை ஐந்தாம் மேடைக்கு மாற்றியிருந்தார்கள், பலகையில் எழுதியிருந்ததாம், அவள் பார்க்கவில்லை. அவன் திரும்பி வந்தான். என்ன சொன்னான் என்று அவளுக்கு அரைவாசி விளங்கவில்லை, விளங்கிய அரைவாசி போதும், துடைக்கிறவளை யார் இங்கே நிறுத்தினது என்றது அதிலே ஒன்று. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அம்ரைன் வந்து அவனைச் சமாளித்து அனுப்பிவிட்டுச் சிரித்தார்: நாளுக்கு இரண்டு பேராவது இந்த யன்னலில் என்மேல் பாய்வார்கள், நீ இன்றைக்கு ஒன்றைக் குறைத்துவிட்டாய். அவள் சிரிக்கவில்லை. கை நடுங்கிக்கொண்டிருந்தது, வாளியைத் தூக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் சப்பாத்தைக் கழற்றாமலே போய்ப் போமை லாச்சிக்குள் வைத்து மூடினாள். திங்கள் தவராசா கேட்டது, வெள்ளி அவள் மூடியது. இந்த இரண்டையும் அவள் ஒருநாளும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. ஒன்றைக் கொண்டே மற்றதை மறைத்து, கொண்டாட்டத்துக்குக் கொண்டாட்டம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவளுக்கே திங்கள் மட்டும்தான் மிச்சமிருந்தது.

நாற்பத்தாறு மூன்றாவதில் விழுந்தது, சைக்கிளோடு வந்த பெட்டை, ஹூபரிடம் சைக்கிளை ஏற்றுகிற கதை கதைக்கத் தொடங்கினாள். கிழட்டுத் தம்பதி கைத்தடிகளை எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். இவ்வளவு கெதியாகவா? இருங்கோ, இன்னும் ஏதும் கேளுங்கோ, திரும்பி வரும்போது எத்தனை மணி என்று கேளுங்கோ. அவர்கள் போய்விட்டார்கள். நாற்பத்தேழு, யன்னல் இரண்டு. கவனிக்காத மாதிரி இருந்தால் என்ன, துண்டைத் தவறவிட்ட மாதிரி, இன்னொரு இலக்கம் எடுத்து. ஆனால் மயூரதி கண்டுவிட்டாள். அவளுடைய முகத்தில் ஒரு கணம் வீட்டுச் சிரிப்பு வந்தது, ஹூபரின் பக்கம் கண் போனது, உடனே அது யன்னல் சிரிப்பாக மாறியது.

“வணக்கம். நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?” என்று டொச்சிலே கேட்டாள்.

டொச்சிலே. என்னிடம். நகுலேஸ்வரிக்குக் காது சுட்டது. தமிழிலே கதைத்தால் குறைந்துபோவாளா? மாஸ்ரரோடு தமிழிலே கதைத்தவள்தானே. சரி, உனக்கு டொச் என்றால் எனக்கும் டொச்தான், நான் உனக்குப் படிப்பித்த டொச். ரிக்கற்றை வெளியே எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள். “இந்தப் பயணச்சீட்டில் திகதி தவறாக இருக்கிறது,” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது. “பதினான்கு என்று இருக்கவேண்டும். இங்கே விற்ற சீட்டு. ஒரு வயதான மனிதருடையது. பேத்தியின் திருமணத்துக்குப் போகிறவர்.” எழுவாய், வினை, வேற்றுமை, ஒன்றும் தவறவில்லை.

மயூரதி ரிக்கற்றை எடுத்துப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து யன்னல் சிரிப்பும் போய்விட்டது. பக்கத்து யன்னலில் ஹூபர் சைக்கிள் பெட்டையை அனுப்பிவிட்டுத் திரும்பினாள். “ஏதாவது பிரச்சினையா?”

இதோ. நகுலேஸ்வரி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம், நேற்று இரவிலிருந்து ஒழுங்குபடுத்தி வைத்தது. ஆனால் மயூரதி முந்திவிட்டாள். “என்னுடைய பிழை, திருமதி ஹூபர்,” என்றாள். நடுங்காத குரல். “அந்தப் பெரியவர் ‘அடுத்த சனி’ என்றார். எங்களுடைய மொழியில் அதற்கு இரண்டு பொருள் வரலாம். திகதியைக் கேட்டு உறுதி செய்திருக்க வேண்டியவள் நான். செய்யவில்லை. மாற்றிக் கொடுக்க அனுமதி வேண்டும்.”

ஹூபர் எட்டி ரிக்கற்றைப் பார்த்தாள், ஏதோ ஒரு விசையை அமுக்கினாள். “மாற்றுங்கள். இனித் திகதியைச் சீட்டின் ஓரத்தில் பேனையால் எழுதிக் காட்டுங்கள், நான் அப்படித்தான் செய்வது. இதைவிடப் பெரிய பிழையெல்லாம் நான் விட்டிருக்கிறேன், ஒருமுறை ஒரு பாடசாலை முழுவதையும் பிழையான நாட்டுக்கு அனுப்பப் பார்த்தேன்.” அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் யாரையும் வேலையால் நிறுத்தவில்லை. அச்சு இயந்திரம் உறுமிப் புதுச் சீட்டைத் துப்பியது. நகுலேஸ்வரி கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள், மயூரதியின் கைகளை. பெருவிரல் மட்டும் மெல்லமாய் ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் நடுங்குகிறது. நடுங்க நடுங்கத்தான் சொல்லியிருக்கிறாள். நடுங்கிக்கொண்டே அந்தக் கதிரையில் இருக்கிறாள், எழும்பி ஓடவில்லை. எரிச்சல் குறையவில்லை, இன்னும் கூடத்தான் எரிந்தது, ஆனால் இவ்வளவு காலமும் தோட்டிலே, சால்வையிலே, படத்திலே, பகிடியிலே தேடித் தேடி எரிந்தது எதற்காக என்று இப்போது நேருக்கு நேரே தெரிந்தது. இதற்குத்தான். பிழை விட்டுவிட்டு அதே இடத்தில் இருக்கத் தெரிந்ததற்கு.

“இவர் என் கணவரின் அக்கா,” என்று மயூரதி ஹூபரிடம் சொன்னாள். “எனக்கு ஜெர்மன் படிப்பித்தவர். முன்பு இங்கே வேலை செய்தவர்.”

ஹூபர் இந்த முறை நன்றாக நிமிர்ந்து பார்த்தாள். “அப்படியா? எனக்கும் முகம் எங்கேயோ பார்த்த மாதிரித்தான் இருந்தது. எவ்வளவு அழகாகப் பேசுகிறீர்கள். அப்படியென்றால் நீங்களும் இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டியவர்தானே, ஏன் வரவில்லை?”

இருபத்துநாலு வருசமாய் ஒரு வெள்ளைக்காரியின் வாயிலிருந்து அந்தக் கேள்வி வரவேண்டும் என்று காத்திருந்தவளுக்குப் பதில் நாக்கு நுனியிலேயே நின்றது, கணவர் விடவில்லை, இரண்டு சொல், டொச்சிலே சொன்னாலும் இலேசான வசனம். மயூரதிக்கும் அந்தப் பதில் தெரியும், எத்தனை தரம் கேட்டிருப்பாள், அவள் இப்போதே தலையாட்டத் தயாராகிவிட்டாள். பின்னால் யாரோ செருமினார்கள். நகுலேஸ்வரி கண்ணாடியில் தெரிந்த தன் வாய் திறப்பதைப் பார்த்தாள்.

“எனக்குப் பயமாக இருந்தது,” என்றாள்.

தமிழில் என்றால் அந்தச் சொல் வந்திருக்காது. ஹூபர், ஆம், முதல் வருடம் எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுத் தன் யன்னலுக்குத் திரும்பினாள். மயூரதி மட்டும், பாதி ஆட்டிய தலையோடு, ரிக்கற்றை நீட்டிய கை அப்படியே நிற்க, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.